சுருதி சேர்ந்த சண்டை

'கெமிஸ்ட்ரி' என்ற சொல்லை நம் தொலைக்காட்சி நடுவர்கள் துவைத்துப் பிழிந்து காயப்போட்டு ரொம்ப நாளாகிறது. ஜோடியாக ஆடினால் கெமிஸ்ட்ரி, ஜோடியாகப் பாடினால் கெமிஸ்ட்ரி, சும்மா பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினாலும் கெமிஸ்ட்ரி. பிளஸ் டூவில் அந்தப் பாடத்தில் தட்டுத்தடுமாறிப் பாஸான ஆளுக்கே (அடியேன்தான்) இது கொஞ்சம் ஓவராகத் தெரிகிறது.

ஆனாலும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிஜமான விஷயம் ஒன்று இருக்கிறது. சில ரெண்டு குரல்கள் சேரும்போது, தனித்தனியாக அவற்றில் இல்லாத ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. வேறு சில சமயம் ரெண்டு பிரமாதமான குரல்களைக் கொண்டுவந்து நிறுத்தியும் ஒன்றுமே நடப்பதில்லை. இது ஏன் என்பதுதான் இந்தப் பதிவு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டூயட்டில் கெமிஸ்ட்ரி என்பது ரெண்டு குரலும் ஒரே மாதிரி இழைவது இல்லை. பாடுகிறவர்களுக்குள் இருக்கும் காதலும் இல்லை. அடுத்தவர் பாடியதைக் காதில் வாங்கி, அதற்குப் பதில் சொல்வது. அவ்வளவுதான். கேட்க எளிது, செய்வது கஷ்டம்.

இதற்கு உதாரணமாக எஸ்.பி.பி. - ஜானகி என்று ஆரம்பித்தால் அடிதடி ஆகிவிடும். ஆளுக்கொரு பட்டியல் வைத்திருப்பீர்கள். அதனால் நமக்கு வாய்க்கால் வரப்புத் தகராறு எதுவும் இல்லாத ஒரு தேசத்துக்குப் போகலாம். புனேயில் குப்பை கொட்டும் எனக்கு ஸ்பானிஷ் பாட்டு எப்படி ஒட்டிக்கொண்டது என்று கேட்டால், எல்லாம் ஆபீஸ் புண்ணியம். மெக்ஸிகோ கிளையன்ட்டுக்காக ராத்திரி ராத்திரியாக கால் எடுத்த காலத்தில், அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிய வேண்டுமே என்று கொஞ்சம் ஸ்பானிஷ் படித்தேன். இலக்கணம் போய்விட்டது. பாட்டு தங்கிவிட்டது.

ஒரு சித்திரவதையின் கதை

2005-ல் வந்த 'லா தொர்தூரா' பாட்டை எடுத்துக்கொள்வோம். தலைப்புக்கு அர்த்தம் சித்திரவதை. கொலம்பியாவின் ஷகீராவும் ஸ்பெயினின் அலெஹாந்த்ரோ சான்ஸும் பாடியது. பில்போர்டு பத்திரிகையின் லத்தீன் பாட்டுப் பட்டியலில் 25 வாரம் முதலிடத்தில் இருந்தது. அப்போது அது சாதனை. 2014-ல் 'பைலாந்தோ' வந்து 41 வாரம் உட்கார்ந்து அதை முறியடித்தது. 2017-ல் வந்த 'தெஸ்பாசீத்தோ' 56 வாரம். அது இருக்கட்டும். 2005-ல் மயாமியில் நடந்த எம்டிவி விருது விழாவில் முதன்முதலாக ஸ்பானிஷிலேயே பாடப்பட்ட பாட்டு இதுதான். மறு வருஷம் லத்தீன் கிராமியில் ஆண்டின் சிறந்த பாடல், ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவு என்று ரெண்டு பெரிய விருதையும் அள்ளியது.

கதை சிம்பிள். வேறொருத்தி பின்னால் போன ஆள் திரும்பி வந்து மன்னிப்பு கேட்கிறான். அவள் மசியவில்லை. வீடியோவில் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள். கண்ணீருக்குக் காரணம் அவனா வெங்காயமா என்று நாம்தான் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

விஷயம் பல்லவியில் இருக்கிறது. அவன் ஒரு வரி கெஞ்சுகிறான், அவள் ஒரு வரி வெட்டுகிறாள். அவன் தத்துவம் பேசிப் பார்க்கிறான். அவள் ஸ்பானிஷ் கிராமத்துப் பழமொழி ஒன்றை எடுத்து மூஞ்சியில் அடிக்கிறாள். அந்தப் பழமொழி எலும்புத் துண்டும் நாயும் சம்பந்தப்பட்டது. 'இந்தக் கதையை வேறு எவனிடமாவது போய்ச் சொல்' என்பது பொருள். நாம் 'காதில் பூச்சுற்றாதே' என்போமே, அதன் பெரியண்ணன்.

இதில் கவனிக்க வேண்டியது, ஒருவர் வரியின் வால் அடங்குவதற்குள் அடுத்தவர் உள்ளே வந்துவிடுவது. நடுவே இடைவெளியே இல்லை. வீட்டில் நிஜமாகச் சண்டை நடக்கும்போது யாராவது 'நீங்கள் பேசி முடியுங்கள், நான் அப்புறம் ஆரம்பிக்கிறேன்' என்று காத்திருக்கிறோமா? அதே வேகம். அவன் குரலில் எந்த இடத்தில் கெஞ்சல் உச்சத்துக்குப் போகிறதோ, சரியாக அந்த இடத்தில் அவள் குரல் சாதாரணமாகிவிடுகிறது. கத்தினால்கூட அவனுக்கு நம்பிக்கை வந்திருக்கும். அவள் கத்துவதில்லை. அந்த 'சாதாரணம்' இருக்கிறதே, கல்யாணமானவர்கள் எல்லோருக்கும் அது எவ்வளவு அபாயகரமானது என்று தெரியும். (தங்கமணி இந்தப் பதிவைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

ஒட்டாத குரல்கள்

இந்த ரெண்டு குரலையும் தனித்தனியாகக் கேட்டால், சேரும் என்று யாரும் பந்தயம் கட்டமாட்டார்கள். சான்ஸ் மாட்ரிட்டில் பிறந்தவர். அப்பா அம்மா தெற்கே காதிஸ் பக்கம். அது ஃபிளமெங்கோ மண். அதனால் குரலில் எப்போதும் மணல் அரைபடும். ராத்திரி முழுக்கத் தூங்காமல் பாடவந்த மாதிரி ஒரு கரகரப்பு. ஷகீரா கரீபியன் கடலோரத்து பார்ரங்கியாவில் பிறந்தவர், அப்பா வழியில் லெபனான் பூர்வீகம். தொண்டைக்குள்ளிருந்து வரும் கனத்த குரல். திடீரென்று நடுவில் ஒரு உடைப்பு உடைத்து இன்னொரு ஸ்தாயிக்குத் தாவும். அந்த உடைப்பு சிலருக்குப் பிடிக்காது. 'ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி' என்று என் பக்கத்து ஸீட்காரர் சொல்வார்.

ரெண்டிலும் சொரசொரப்பு இருக்கிறது, ஆனால் வேறு வேறு சொரசொரப்பு. பட்டும் பட்டும் உரசினால் சத்தமே வராது. தீக்குச்சிக்குப் பெட்டியின் ஓரம் சொரசொரப்பாக இருந்தால்தான் பற்றும். 'ரெண்டு குரலும் தேனும் பாலும் மாதிரி' என்று பாராட்டும்போது எனக்கு எப்போதும் சந்தேகம்தான். தேனும் பாலும் கலந்தபிறகு எது எது என்று தெரியாது. டூயட்டில் எது எது என்று தெரிந்தாக வேண்டும்.

இதற்குள் ஒரு தொழில்நுட்பச் சமாசாரமும் உண்டு. கர்நாடக சங்கீதத்தில் ஆண்கள் பொதுவாக ஒன்று, ஒன்றரைக் கட்டையிலும் பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் பாடுவது உங்களுக்குத் தெரியும். கச்சேரியில் அவரவர் சுருதிப்பெட்டி அவரவருக்கு. டூயட்டில் அந்தச் சௌகரியம் கிடையாது. ரெண்டு பேருக்கும் ஒரே சுருதி. பெண்ணுக்குத் தோதாக வைத்தால் ஆண் கழுத்து நரம்பு புடைக்கக் கத்த வேண்டும். ஆணுக்குத் தோதாக வைத்தால் பெண் கிணற்றுக்குள்ளிருந்து பாட வேண்டும். யாரோ ஒருவர் தன் சௌகரியத்தை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். 'லா தொர்தூரா'வில் ரெண்டு பேருமே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். ஷகீரா உச்சிக்குப் போய்க் கொடி நாட்டுவதில்லை, பெரும்பாலும் தாழ்ந்த இடத்திலேயே நிற்கிறார். சான்ஸ் தொண்டையைக் கிழிப்பதில்லை. ரெண்டு பேரும் பேச்சுக் குரலுக்குப் பக்கத்தில் வந்து நிற்பதால்தான் நமக்கு அது பாட்டாகக் கேட்காமல் பேச்சாகக் கேட்கிறது.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஸ்பெயினும் தென் அமெரிக்காவும் நடுவில் ஒரு சமுத்திரத்தை வைத்துக்கொண்டு நூற்றாண்டுகளாகப் பாட்டைக் கொடுத்து வாங்கியிருக்கின்றன. பிழைக்கப் போனவர்களும் சிப்பாய்களும் கப்பல்காரர்களும் கியூபாவிலிருந்து திரும்பி வரும்போது மெட்டையும் கொண்டுவந்தார்கள். ஃபிளமெங்கோவில் 'போய்த் திரும்பிய பாட்டுகள்' என்றே ஒரு வகை இருக்கிறது. ஊரைவிட்டு வந்த நம் போன்றவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே என்னவோ செய்கிறது இல்லையா? அப்படிப் பார்த்தால் சான்ஸும் ஷகீராவும் புதிதாக எதையும் ஆரம்பிக்கவில்லை. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பேச்சில் போய்க் கலந்துகொண்டார்கள்.

காதல் வேண்டுமா?

'இவ்வளவு நன்றாகப் பாடுகிறார்கள் என்றால் உள்ளுக்குள் ஏதோ இருக்கணுமே' என்று சிலர் கண்ணடிப்பார்கள். அவர்களுக்காக அர்ஜென்டினாவிலிருந்து ஒரு ஜோடி. பெயர் பிம்பினேலா. 1981-லிருந்து பாடுகிறார்கள். இவர்களுடைய ஸ்பெஷாலிட்டியே புருஷன் பெண்டாட்டி சண்டை. 1982-ல் வந்த 'ஒல்விதாமே இ பேகா லா வுவெல்தா'வில், ரெண்டு வருஷம் கழித்து வந்து கதவைத் தட்டும் கணவனை மனைவி வாசலோடு திருப்பி அனுப்புகிறாள். அழுகை, ஆத்திரம், கேள்வி, குறுக்குக் கேள்வி, எல்லாம் தாளத்தோடு. லத்தீன் அமெரிக்கா முழுக்க இன்றைக்கும் கல்யாண வீடுகளில் ஆளுக்கொரு பக்கம் நின்று பாடுகிற பாட்டு.

லூசியா கலான், ஹோக்கின் கலான் என்ற அந்த ரெண்டு பேரும் யார் தெரியுமா? கூடப்பிறந்த அண்ணன் தங்கை!

இதைச் சொன்னால் பலருக்குத் தூக்கிவாரிப்போடும். யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமே இல்லை. சின்ன வயசில் ஜன்னலோர ஸீட்டுக்காக அடித்துக்கொண்டவர்களைவிடச் சண்டையின் தாளம் யாருக்குத் தெரியும்? எதிராளி எந்த இடத்தில் மூச்சு வாங்குவான், எந்த வார்த்தையில் பொசுக்கென்று உடைவான் என்று அண்ணன் தங்கைக்கு அத்துப்படி. அந்தக் காதுதான் பாட்டுக்கு வேண்டும். காதல் அதற்கு அவசியமே இல்லை.

நமக்கும் இது புதுசில்லை. வயற்காட்டு எசப்பாட்டில் ஆண் பக்கம் ஒன்று எடுத்துவிட்டால் பெண் பக்கம் உடனே மடக்கும். 'வள்ளி தெய்வானை ஏசல்' என்று ரெண்டு தெய்வங்களையே சண்டைபோட விட்டு ரசித்தவர்கள் நாம். முருகன் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பதுதான் அதில் வேடிக்கை. திட்டுவதற்குச் சுருதி சேர்த்துக்கொண்ட கூட்டம் இது. பிம்பினேலாவைக் கேட்டால் நமக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும், மொழி தெரியாவிட்டாலும்.

காதல் விவகாரத்துக்கு இன்னொரு பக்கமும் பார்த்துவிடலாம். 1999-ல் ஜெனிஃபர் லோபஸ் தன் முதல் ஆல்பத்தில் மார்க் ஆன்டனியோடு 'நோ மே ஆமெஸ்' பாடினார். 'என்னைக் காதலிக்காதே' என்று அர்த்தம். மூலம் இத்தாலியப் பாட்டு. கண்பார்வையில்லாத பாடகர் அலெயாந்த்ரோ பால்தி, ஃப்ரான்செஸ்கா அலோத்தாவோடு பாடி 1992 சான்ரெமோ விழாவில் புதுமுகங்கள் பிரிவில் வென்றது. ஸ்பானிஷ் வடிவம் லத்தீன் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 2004-ல் ரெண்டு பேரும் நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டார்கள். 'பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்' என்று ரசிகர்கள் குதித்தார்கள். 2011-ல் பிரிவதாக அறிவித்தார்கள்.

இப்போது அந்தப் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். ஒரு ஸ்வரமாவது மாறியிருக்கிறதா? விவாகரத்துப் பத்திரம் பாட்டுக்குள் நுழைவதில்லை. அதே நியாயப்படி கல்யாணப் பத்திரமும் நுழைந்திருக்க முடியாது. பாட்டில் நாம் கேட்பது வேறு ஒன்றை. மார்க் ஆன்டனியுடையது ஸால்ஸா கோஷ்டி மொத்தத்தையும் தாண்டிக் கேட்கிற ராட்சசக் குரல். லோபஸுடையது மெல்லிய குரல், அதை அவரே மறுக்கமாட்டார். ரெண்டையும் பக்கத்தில் வைத்தால் யானையும் முயலும். ஆனால் அந்தப் பாட்டின் ஆரம்பத்தில் யானை நுனிக்காலில் நடக்கிறது. தன் பலத்தில் பாதிக்கும் மேல் பைக்குள் போட்டுக்கொண்டு, அவள் பாடிய அளவுக்கே அவரும் பாடுகிறார். அந்த மரியாதையைத்தான் நாம் காதல் என்று நினைத்துக்கொள்கிறோம். கடைசியில் அவர் குரல் தன்னை மறந்து எழும்பும்போது கொஞ்சம் அமுங்கித்தான் போகிறார் லோபஸ். அந்த இடத்தில் எனக்குப் பாட்டு சுமார்தான்.

ரெண்டு மலை, ஒரு மேடை

விட்டுக்கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2001-ல் ரிக்கி மார்ட்டினும் கிறிஸ்டினா அகிலேராவும் சேர்ந்து பாடிய 'நோபடி வான்ட்ஸ் டு பி லோன்லி'. ஆங்கிலப் பாட்டுதான், ஆனால் லத்தீன் பாப் அலை உச்சத்தில் இருந்தபோது வந்தது. அகிலேராவின் குரலைப் பற்றிக் குறை சொல்ல நான் யார்? ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு பத்து ஸ்வரம் ஏறி இறங்குவார். ஆனால் மார்ட்டின் ஒரு வரி பாடினால் அதற்கு மேலே இவர் ஒரு சங்கதி, அவர் மறுபடி வந்தால் இவர் இன்னும் உயரத்தில் ஒன்று. ரெண்டு பேரும் கேட்கிறவர்களைப் பார்த்துப் பாடுகிறார்களே ஒழிய ஒருவரையொருவர் பார்த்துப் பாடவில்லை. தனிமை பற்றிய பாட்டில் ரெண்டு பேரும் தனித்தனியாக நிற்கிறார்கள். ஒருவேளை பொருத்தம்தானோ என்னவோ! ரசிகர்கள் மன்னிக்கணும், எனக்கு இது ஜுகல்பந்தி, டூயட் இல்லை.

இந்த இடத்தில் ஒரு கிழவரை அறிமுகப்படுத்த வேண்டும். கியூபாவின் கொம்பாய் செகுந்தோ. இயற்பெயர் ஃப்ரான்சிஸ்கோ ரெப்பிலாதோ, பிறந்தது 1907. தொண்ணூறை நெருங்கும் வயசில் 'புவெனா விஸ்தா சோஷியல் கிளப்' ஆல்பத்தால் உலகப் புகழ் பெற்றவர். கியூபாவின் பழைய இரட்டையர் பாட்டு மரபில் முதல் குரல் மெட்டைப் பாடும். ரெண்டாம் குரல் அதற்குக் கீழே வேறு ஸ்வரங்களில் நிழல் மாதிரி கூடவே போகும். 1940-களில் இவர் 'லோஸ் கொம்பாத்ரெஸ்' என்ற ஜோடியில் ரெண்டாம் குரல். 'செகுந்தோ' என்றால் இரண்டாவது. அந்த வேலையையே பெயராக வைத்துக்கொண்டு 2003-ல் சாகும்வரை அந்தப் பெயரிலேயே வாழ்ந்தார்.

நம் ஊரில் யாராவது 'இரண்டாமவர்' என்று தன்னைத்தானே அழைத்துக்கொள்வார்களா? பக்கவாத்தியக்காரர்களுக்கு மேடையில் இடம் எங்கே என்பதற்கே சண்டை போட்டவர்கள் நாம். ஆனால் ரெண்டாம் குரலுக்குத்தான் காது கூர்மையாக இருக்க வேண்டும். முதல் குரல் எங்கே இழுக்கும், எங்கே நிறுத்தும் என்று பார்த்துக்கொண்டே கூட நடக்க வேண்டும். நல்ல டூயட்டில் இந்த முதல், ரெண்டாவது என்ற பதவி வரிக்கு வரி கை மாறுகிறது என்பது என் எண்ணம். அகிலேரா - மார்ட்டின் பாட்டில் ரெண்டு பேரும் முதல் குரல். அதுதான் கோளாறு.

ஒரே ஊர்க்காரர்கள்

சண்டையில்தான் கெமிஸ்ட்ரி வரும் என்று நான் சொல்லவில்லை. 2016-ல் ஷகீரா, கார்லோஸ் வீவெஸோடு 'லா பிசிக்லேத்தா' பாடினார். சைக்கிள் என்று அர்த்தம். வீவெஸ் சாந்தா மார்த்தாக்காரர். ஷகீராவின் பார்ரங்கியாவும் அதே கரீபியன் கடலோரம்தான். அக்கார்டியன் வாசிப்போடு வரும் வயெனாத்தோ என்ற அந்தப் பிரதேசத்துக் கிராமியப் பாட்டைப் பாப் இசைக்குள் கொண்டுவந்தவர்களில் வீவெஸ் முக்கியமானவர். இந்தப் பாட்டும் 2016 லத்தீன் கிராமியில் அதே ரெண்டு பெரிய விருதுகளை வாங்கியது.

பாட்டு முழுக்க ஊர்ப் பெருமை. சைக்கிள், கடற்கரை, தைரோனா வனப்பூங்கா. அப்போது ஷகீராவின் துணைவராக இருந்த பார்சிலோனா கால்பந்து வீரர் பிக்கேயை அங்கே கூட்டிப்போனால் திரும்பிப் போகவே மாட்டார் என்று நடுவில் ஒரு கிண்டல். (2022-ல் அவர்கள் பிரிந்துவிட்டார்கள். பாட்டு இருக்கிறது.) அதுவரை ஆங்கிலத்தில் ஒரு ஷகீரா, விருது மேடையில் ஒரு ஷகீரா என்று பார்த்தவர்களுக்கு இதில் வேறு ஒரு ஷகீரா. உச்சரிப்பே தளர்ந்துவிடுகிறது. வார்த்தைகளின் கடைசி எழுத்தை விழுங்குகிற அந்தக் கடலோர வழக்கு எட்டிப்பார்க்கிறது.

இது நமக்குத் தெரியாத விஷயமா? ஆபீஸில் இஸ்திரி போட்ட தமிழும் இங்கிலீஷும் பேசிக்கொண்டிருக்கும் திருநெல்வேலிக்காரர், ராஸ்தா பேட்டையில் இன்னொரு திருநெல்வேலிக்காரரைப் பார்த்த மாத்திரத்தில் 'ஏலே' என்று மாறிப்போகிறாரே, அதேதான். எதிரில் நிற்பவர் யார் என்பதைப் பொறுத்து நம் குரல் மாறுகிறது. சான்ஸோடு சேர்ந்தால் ஒரு ஷகீரா, வீவெஸோடு சேர்ந்தால் இன்னொரு ஷகீரா. நம்மிடமிருந்து வேறு ஒரு குரலை வெளியே எடுக்கிற ஆள் கிடைப்பதைத்தான் நான் கெமிஸ்ட்ரி என்பேன்.

'எல்லாம் மிக்ஸிங் சார்'

இதற்கு ஒரு ஆட்சேபம் வரும். 'இப்பல்லாம் யார் சேர்ந்து நின்று பாடுகிறார்கள்? ஒருவர் மயாமியில் பாடுவார், இன்னொருவர் மாட்ரிட்டில் பாடி ஃபைல் அனுப்புவார். கெமிஸ்ட்ரியெல்லாம் சவுண்ட் இன்ஜினியர் செய்வது.'

பாதி நியாயம். நம் சினிமாவிலும் ஒரு காலத்தில் பாடகர், பாடகி, வாத்திய கோஷ்டி எல்லோரும் ஒரே நேரத்தில் பாடி வாசித்து, ஒருவர் தப்பினால் எல்லோரும் முதலிலிருந்து என்று இருந்தது. மல்ட்டி டிராக் வந்தபிறகு அவரவர் வந்து அவரவர் வரியைப் பாடிவிட்டுப் போகலாம் என்றானது. அதற்குப் பிறகும் நல்ல டூயட்டுகள் வரத்தான் செய்கின்றன. ஆகவே ஒரே அறையில் நிற்பதுதான் எல்லாம் என்று நான் வாதாடப் போவதில்லை.

ஆனால் இன்ஜினியரால் என்னென்ன செய்ய முடியும் என்று பாருங்கள். சத்தத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். சுருதியைத் திருத்தலாம். ஒரு வரியைக் கால் நொடி முன்னே தள்ளலாம். ஆனால் அவன் கெஞ்சலைக் கேட்டு அலட்சியமாகிற அந்தத் தொனியை அவரால் ஒட்டவைக்க முடியாது. அது பாடும்போதே இருந்தாக வேண்டும். தனியறையில் பாடினாலும் ஹெட்ஃபோனில் எதிராளியின் வரி ஓடவேண்டும், அது வெறும் 'க்யூ'வாக இல்லாமல் கேள்வியாகக் காதில் விழவேண்டும். எஸ்.பி.பி. ஒரு வரியின் ஓரத்தில் லேசாகச் சிரித்துவைப்பார். அந்தச் சிரிப்பு எதிரில் ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்துச் சிரித்த சிரிப்பு. 2020-ல் அவர் போய்விட்டார். அந்தச் சிரிப்புக்கு எதிரில் இன்னமும் ஒருத்தி நின்றுகொண்டுதான் இருக்கிறாள்.

நம் வீட்டுக் கதை

இதையெல்லாம் இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. ஊரைவிட்டு வந்த நாம் எல்லோரும் பிள்ளைகளுக்குத் தமிழ் வரவேண்டும் என்று படாதபாடு படுகிறோம். பொங்கல் விழா, கலைவிழா, பாட்டுப் போட்டி. அதில் டூயட் சுற்றும் உண்டு. நான் பார்த்த ஒரு போட்டியில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் மேடையின் ரெண்டு ஓரத்தில் நின்று, கையில் கைப்பேசியில் வரிகளைப் பார்த்துக்கொண்டு, கரோக்கி டிராக்குக்குப் பிசகாமல் பாடினார்கள். ஒரு தடவைகூட ஒருவரையொருவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. சுருதிக்குப் பத்து, தாளத்துக்குப் பத்து, உச்சரிப்புக்குப் பத்து என்று மார்க் போட்டுப் பரிசும் கொடுத்தார்கள். ஒருவர் பாடியதை மற்றவர் கேட்டாரா என்பதற்கு அந்தத் தாளில் கட்டமே இல்லை.

பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்? அவர்களுக்குத் தமிழ் வருகிற பாதை அப்படி. யூட்யூபில் தமிழ் கேட்கிறார்கள், அது பதிலுக்குக் காத்திருப்பதில்லை. நாம் தமிழில் 'சாப்பிடு, படி, தூங்கு' என்கிறோம், அவர்கள் இந்தியிலோ இங்கிலீஷிலோ பதில் சொல்கிறார்கள். மேடையேறி முப்பது குறள் ஒப்பிக்கிற குழந்தைக்கு, பக்கத்து வீட்டுத் தமிழ்க் குழந்தையோடு தமிழில் ஒரு சண்டை போடத் தெரியாது. கோபம் வந்தால் மொழி மாறிவிடுகிறது. அந்த மொழியில் மடக்கத் தெரியாதவரைக்கும் அது விருந்தாளி மொழிதான் என்று எனக்குப் படுகிறது.

லோபஸும் மார்க் ஆன்டனியும் நியூயார்க்கில் பிறந்து வளர்ந்தவர்கள், ரெண்டு பேருடைய பெற்றோரும் புவெர்தோ ரிக்கோக்காரர்கள். லோபஸின் அந்த முதல் ஆல்பத்தின் பெயரான 'ஆன் தி 6' என்பதே, பிராங்க்ஸிலிருந்து அவர் ஏறிவந்த ஆறாம் நம்பர் ரயில்தான். அதாவது நம் பிள்ளைகளைப் போன்றவர்கள். பாடும்போது யாருக்கோ ஒப்பிக்கிற மாதிரி இல்லாமல், எதிரில் நிற்பவரிடம் பேசுகிற மாதிரி ஸ்பானிஷில் பாடினார்கள். வீட்டு மொழிக்கு அந்த வேலையைக் கொடுத்தால்தான் அது உயிரோடு இருக்கும்.

ஆகவே கலைவிழா நடத்தும் புண்ணியவான்களுக்கு என் யோசனைகள். ஒன்று, டூயட் பாடும் பிள்ளைகள் பயிற்சியில் ஒரு முறையாவது வரிகளை மாற்றிக்கொள்ளட்டும். அவன் வரியை அவள் பாடட்டும், அவள் வரியை அவன் பாடட்டும். எதிராளி எங்கே மூச்சு வாங்குகிறார் என்று அப்போதுதான் புரியும். ரெண்டு, கரோக்கியை ஒரு தடவை அணைத்துவிட்டுப் பாடச் சொல்லுங்கள். டிராக் யாருக்காகவும் காத்திருக்காது, மனுஷன் காத்திருப்பான். மூன்று, சுருதி எங்கே வைப்பது என்று அவர்களே பேசி முடிவு செய்யட்டும். யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்ற பேச்சுவார்த்தை அங்கேயே ஆரம்பிக்கட்டும், தமிழிலேயே. நான்கு, காதல் பாட்டுதான் வேண்டும் என்பதில்லை. பத்து வயசுப் பிள்ளைகளை நிறுத்திக் காதல் டூயட் பாடவைப்பதைப் பார்த்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எசப்பாட்டு பாடட்டும். அண்ணன் தங்கை சண்டை பாடட்டும். பிம்பினேலா நாற்பது வருஷத்துக்கும் மேலாக அதை வைத்துத்தான் பிழைப்பு நடத்துகிறார்கள். ஐந்தாவதாக, மார்க் தாளில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: 'மற்றவர் பாடும்போது இவர் என்ன செய்தார்?'

என்ன சொல்கிறீர்கள்? உங்களுக்குப் பிடித்த டூயட்டைப் பின்னூட்டத்தில் போடுங்கள். ஆனால் ஏன் பிடித்தது என்று சேர்த்துச் சொல்லுங்கள். 'சூப்பர்', 'செம' எல்லாம் செல்லாது.

பி.கு.: 2025-ல் சான்ஸும் ஷகீராவும் 'பேசாமே' என்ற பாட்டில் மறுபடி சேர்ந்து பாடியிருக்கிறார்கள். தமிழில் படித்துவிட்டுச் 'சும்மா இரு' என்று அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். ஸ்பானிஷில் 'எனக்கு முத்தம் கொடு' என்று பொருள். 'லா தொர்தூரா' வந்து இருபது வருஷம் ஆகிவிட்டது, ரெண்டு பேருக்கும் வயசும் ஆகிவிட்டது. முதலில் பழையதைக் கேளுங்கள், உடனே புதியதைக் கேளுங்கள். யார் யாருக்கு இடம் விடுகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். மொழி ஒரு பொருட்டே இல்லை.